ஆனைமலை வரவுப் புட்கள்: இனங்கண்ட வரலாறும் பெயரிடு நெறியும்

தோற்றுவாய்

பாலைக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பொள்ளாச்சிச் சமவெளியின் விளிம்பில் எழுந்து, 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி வரை தொடர்ந்து செல்வது ஆனைமலை. பதிற்றுப்பத்திற் பேசப்படும் உம்பற்காடு இம்மலைப் பகுதியே எனக் கொள்ளும் ஆராய்ச்சியாளர் உளர். உம்பல் என்பது யானையைக் குறிக்கும் சொல்லாதலின், அக்கருத்தின்படி பழம்பெயரும் இன்றைய பெயரும் ஒரே விலங்கைச் சுட்டி நிற்கின்றன. மலையில் வாழ்வனவற்றுள் மிகப் பெரியதைக் கண்டு மலைக்குப் பெயரிட்ட மக்கள், அம்மலைக்கு ஆண்டுதோறும் வந்து மீளும் மிகச் சிறியவற்றை எங்ஙனம் கண்டனர், எப்பெயரால் வழங்கினர் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா.

ஈண்டு மிகச் சிறியவை என்றது, புரட்டாசி ஐப்பசித் திங்களில் வடக்கிலிருந்து வந்து, குளிர்காலத்தை இங்குக் கழித்து, சித்திரையளவில் மீளும் சிறு குருவிகளை. வாலாட்டி, ஈப்பிடிப்பான், பூங்குருவி, கதிர்க்குருவி எனப் பல இனங்கள் இவற்றுள் அடங்கும். இவற்றுள் ஒன்றாகிய பச்சைக் கதிர்க்குருவியின் நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். எடை 7 முதல் 9 கிராம் வரை. இமயச் சாரலிலும் சைபீரியக் காடுகளிலும் ஐரோப்பாவின் வடகீழ்ப் பகுதியிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இவ்வினம், குளிர்காலத்திற் பெரும்பாலும் இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் தங்குகின்றது.

இவற்றை இனம்பிரித்தறிதல் எளிதன்று. டாப்ஸ்லிப்பை அடுத்த கரியன் சோலையில் மார்கழிக் காலையொன்றில் நின்று மேலே நோக்குவார் காண்பது யாது? இலைகளினூடே ஓயாது தாவும் ஒரு பசுமை நிழல். கண்ணுக்கு மேலே வெளிறிய ஒரு கோடு. சிறகிலே ஒரு மெல்லிய வரை. அது நிற்பது இரண்டு நொடி. அவ்விரண்டு நொடியில் அது மூன்று நான்கு இனங்களுள் எது எனத் துணிதல் வேண்டும். இத்துணிவைப் பெற அறிவுலகம் இருநூறு ஆண்டுக்கு மேல் முயன்றது. அம்முயற்சியின் வரலாற்றைத் தமிழாராய்ச்சியாளர் அறிதல் இன்றியமையாதது என்பது நம் கருத்து. அதற்குரிய காரணம் இறுதியிற் புலனாகும்.

இலக்கியச் சான்றும் அதன் எல்லையும்

தமிழிலக்கியத்திற் புட்களுக்கு உயர்ந்த இடம் உண்டு. தொல்காப்பியம் திணைதோறும் அமையும் கருப்பொருள்களுள் புள்ளையும் ஒன்றாக வைத்தது. மரபியலில் பறப்பனவற்றின் இளமைக்குரிய சொற்களை வரையறுத்தது. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் கூறிற்று. வடபுலக் குருவிகள் ஆனைமலையில் தங்கும் காலமும் இப்பருவங்களைத் தன்னுள் அடக்கியதே.

இவ்வொற்றுமையைக் கண்டவுடன், பழந்தமிழர் இக்குருவிகளின் வரவையும் அறிந்து பாடினர் எனத் துணியத் தோன்றும். அத்துணிவு பொருந்தாது. குறிஞ்சிக்குரியனவாக உரையாசிரியர்கள் காட்டும் புட்கள் மயிலும் கிளியும் ஆகும். இரண்டும் நிலைத்து வாழ்பவை. வெளியிலிருந்து வருவதைக் குறிக்க வம்பு என்னும் சொல் சங்க வழக்கில் உண்டு. வம்ப மாக்கள், வம்ப மாரி, வம்ப நாரை என்னும் தொடர்களில் அது புதுமையையும் நிலையின்மையையும் உணர்த்துகின்றது. எனவே, புள் வந்து போவது என்னும் கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று. ஆயின் அது நாரை போன்ற பெரிய நீர்ப்புள்ளின்மேல் வைத்துக் கூறப்பட்டது. குரீஇ என வருமிடங்கள் பெரும்பாலும் மனையில் வாழும் குருவியையும் கூடு பின்னும் தூக்கணங்குருவியையும் சுட்டுவன.

சங்க இலக்கியத்துப் புட்களை உயிரியல் நோக்கில் ஆராய்ந்த பி. எல். சாமி, 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலில் பல பெயர்களுக்கு உரிய இனங்களைத் தேடிக் காட்டினார். அத்தகைய ஆராய்ச்சி எத்துணை விரிந்தாலும், இலைகளிடையே மறையும் கதிர்க்குருவிகளின் வேறுபாட்டைப் பழம்பாடல்களிற் காண முயல்வது பாடலுக்கும் நீதியன்று, புள்ளுக்கும் நீதியன்று. இல்லாததை உண்டெனக் கூறுதல் மொழிக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

துப்பாக்கியும் தோலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலைக்கு வந்த ஐரோப்பியரை முதலில் ஈர்த்தது தேக்கு மரமே. 1848 முதல் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் படைத்தலைவர் இக்காடுகளைக் கண்காணித்தார். சென்னை மாகாணத்தின் முதற் காட்டுக் காப்பாளரான ஹியூ கிளெகார்ன் 1858-இல் ஆனைமலையின் உயர்பகுதிகளுக்குச் சென்று, தாம் கண்டவற்றை 1861-இல் வெளியிட்டார். மரத்திற்கு அடுத்தபடியாகவே புள் அவர்கள் கவனத்திற்கு வந்தது.

தென்னிந்தியப் புள்ளியலுக்கு அடிகோலியவர் தாமஸ் ஜெர்டன் என்னும் மருத்துவர். இவர் தீபகற்ப இந்தியப் பறவைகளின் அட்டவணையொன்றை 1839-ஆம் ஆண்டு முதற்கொண்டு சென்னையில் வெளிவந்த இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். பின்னர் 1862 முதல் 1864 வரை 'இந்தியப் பறவைகள்' என்னும் பெருநூலை எழுதினார். தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் வழங்கிய பெயர்களையும் தம் நூலில் குறித்து வைத்தமை தமிழுலகம் நன்றியுடன் நினைத்தற்குரியது.

கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தில் 1841 முதல் 1862 வரை காப்பாளராயிருந்த எட்வர்டு பிளித்தின் கைக்கு நாடெங்குமிருந்து பறவைத் தோல்கள் வந்து சேர்ந்தன. 1843-இல் பேரலகுக் கதிர்க்குருவிக்கும், 1845-இல் உச்சியில் வெளிறிய வரியுடைய மேலைக் கதிர்க்குருவிக்கும் அறிவியற் பெயர் சூட்டியவர் இவரே. பின்னது தென்னிந்தியாவிலிருந்து கிடைத்ததைக் கொண்டு பெயரிடப்பட்டது. இமயத்தின் மேலைப் பகுதியிற் கூடு கட்டும் ஒரு குருவி, தான் குளிர்காலத்தைக் கழிக்கும் தென்னாட்டின் பெயரால் அறிவுலகிற்கு அறிமுகமாயிற்று என்பது கருதத்தக்கது.

அக்காலத்து முறை ஒன்றே. புள்ளைச் சுட்டு வீழ்த்துவர். தோலை உரித்துப் பதப்படுத்துவர். அலகையும் சிறகையும் வாலையும் அளப்பர். ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இங்ஙனம் திரட்டி 1885-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு அளித்த தொகுதி ஏறத்தாழ 82,000 பொருள்களைக் கொண்டது. கதிர்க்குருவிகளைத் தம் தனியாய்வாகக் கொண்ட வில்லியம் எட்வின் புரூக்ஸ் என்னும் பொறியாளர் 1871-இல் மேலும் ஓரினத்தைப் பிரித்தறிந்தார். இம்மரபின் முடிமணியாக, கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் 1938-இல் இக்குருவிப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து தனிநூல் வெளியிட்டார். சிறகின் இறகுகளுள் எது நீளியது, எது குறியது என எண்ணிக் காணும் நுட்பம் அவர் நூலில் விரிவாக அமைந்தது.

இம்முறையை எளிதில் இகழ்தல் கூடாது. தோலை அளவாதிருந்தால், ஒன்றுபோல் தோன்றும் பசுங்குருவிகள் பல இனம் என்பதே தெரிந்திராது. ஆயினும் இதன் குறை வெளிப்படை. தோலுக்குக் குரல் இல்லை, தாவும் இயல்பில்லை, மரத்தின் உச்சியில் இருந்ததா, புதரின் அடியில் இருந்ததா என்பது, சுட்டவர் எழுதி வைத்தாலன்றி, தோலிலிருந்து தெரியாது.

கண்ணும் செவியும்

செவியால் இனங்காணும் நெறி ஐரோப்பாவில் முன்னரே தொடங்கியிருந்தது. இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்னும் சமயகுரு, தம் ஊர்ச் சோலைகளிற் பாடும் ஒருநிறக் குருவிகள் மூன்று இனம் என்பதை அவற்றின் பாட்டு வேறுபாட்டால் துணிந்து, 1768-இல் கடிதமொன்றில் எழுதினார். அவருடைய நூல் 1789-இல் வெளிவந்தது. அம்மூன்றும் ஆனைமலைக் கதிர்க்குருவிகளின் உறவினங்களே.

ஆனைமலைப் பகுதியில் இந்நெறி வேரூன்றியது சாலிம் அலியால் (1896–1987) எனலாம். திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவில் 1933-இல் அவர் நடத்திய பறவை ஆய்வில், ஆனைமலையின் மேற்குச் சரிவிலுள்ள பறம்பிக்குளமும் குரியார்குட்டியும் தங்கிடங்களாக அமைந்தன. கொச்சி அரசின் காட்டு டிராம் பாதை அந்நாளில் அவ்வழியே சென்றது. அவ்வாய்வின் முடிபுகள் 1935 முதல் 1937 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தன. தோல்களைப் பற்றிய குறிப்புகளை ஹியூ விஸ்லர் எழுதினார். காட்டிற் கண்டவற்றைச் சாலிம் அலி எழுதினார். இவ்விருவர் குறிப்பும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து நிற்றலை நோக்கின், பழைய முறையும் புதிய முறையும் கைமாறும் காலத்தை நேரிற் காண்பது போலிருக்கும்.

1941-இல் அவர் வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' பொதுமக்களுக்கான நூல். அதில் ஒரு புள்ளின் பருமனைச் சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம் முதலிய அறிந்த புட்களோடு ஒப்பிட்டுக் கூறினார். அளவுகோலைக் கையில் ஏந்தாதவனும் இனங்காணலாம் என்னும் கொள்கை அதனுள் அடங்கியுள்ளது. அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் 1934-இல் இதனையொத்த நோக்கமுடைய கையேட்டை வெளியிட்டிருந்தார்.

பின்னர் வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவிக்கும் முறை இந்நாட்டில் விரிந்தது. டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்னும் ஆசிரியர் 1899-இல் முறையாகத் தொடங்கிய இவ்வாய்வு, பம்பாய்க் கழகத்தாரால் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் 1959 முதல் பெருமளவில் நிகழ்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் கோடிக்கரை அதற்குரிய சிறந்த களமாயிற்று. கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990-இல் சாலிம் அலியின் பெயரால் பறவையியல் நடுவம் எழுந்தது.

ஒலியே வேறுபாடு

ஆனைமலையில் இன்று கதிர்க்குருவிகளை இனங்காண்பார் முதலில் நம்புவது செவியையே. பச்சைக் கதிர்க்குருவி ஈரசையாகச் சுருங்க ஒலிக்கும். பேரலகுக் கதிர்க்குருவியின் ஒலியும் ஈரசையே. ஆயின் பின்னசை மேலேறி நிற்கும். மேலைக் கதிர்க்குருவி பிற சிறு புட்களோடு கூடி மரவுச்சியில் திரியும். அதன் உச்சிவரி கீழிருந்து நோக்குவார்க்கு எளிதிற் புலப்படாது. ஆகவே, அருங்காட்சியகத்தில் முதன்மையாகக் கொள்ளப்பட்ட அடையாளம் காட்டில் இறுதியிடத்திற்குச் செல்கின்றது. அங்குக் கேட்கவே இயலாத குரல் இங்கு முதலிடம் பெறுகின்றது.

பச்சைக் கதிர்க்குருவிகள் குளிர்காலத்திலும் தனித்தனியே எல்லை வகுத்துக்கொண்டு, அதனைக் குரலால் காத்து நிற்கும். ஆதலின், வந்த நாள் முதல் மீளும் நாள் வரை அவற்றின் ஒலி ஓய்வதில்லை. திருநெல்வேலிப் பகுதியின் முண்டந்துறைக் காட்டில் தங்கும் இவ்வினம் உடலிற் சேர்க்கும் கொழுப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுதலை மதுசூதன் கட்டி, டிரெவர் பிரைஸ் என்போர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டிற்று. நெடும்பயணத்திற்கு வேண்டும் உணவைத் தென்னாட்டுக் காடே தருகின்றது என்பதனால், நம் சோலைகளின் நிலை தொலைதூரக் காடுகளின் பாட்டோடும் தொடர்புடையதாகின்றது.

குரல், இனத்தையே வகுக்கும் ஆற்றலுடையது என்பதற்கும் இக்குருவியே சான்று. திபேத்தியப் பீடபூமியைச் சூழ்ந்து வாழும் இதன் வகைகளின் பாட்டு இடந்தோறும் சிறிது சிறிதாக மாறிச் செல்கின்றது. மேற்கு வழியாக வடக்கே சென்ற வகையும் கிழக்கு வழியாகச் சென்ற வகையும் சைபீரியாவின் நடுவில் சந்திக்குமிடத்து, ஒன்று மற்றொன்றின் பாட்டைத் தன்னினத்ததாகக் கொள்வதில்லை. டேரன் இர்வின் முதலியோர் 2001-இல் இதனை வெளியிட்டனர். அவ்வளையம் முற்காலத்தில் இடையிடையே அறுபட்டிருந்தது என 2014-இல் வந்த மரபணு ஆய்வு திருத்தங் கூறியது. கிளைமொழிகள் ஊர்தோறும் சிறிது மாறி, இரு கோடியில் தனிமொழிகளாகும் நிலையை அறிந்த மொழியாராய்ச்சியாளர்க்கு இது வியப்பளிக்காது.

பெயரிடு நெறி

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். தமிழ்மக்கள் வரவுப் புட்களுக்கு எங்ஙனம் பெயரிட்டனர்?

முதற்சான்றாக ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்வோம். இது வட நாட்டிலும் நடுநாட்டிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்னாட்டிற்கு வரும் பன்னிறக் குருவி. புள்ளியலார் வகுக்கும் பாடும்புள் கிளையில் இது அடங்காதெனினும், கிளையில் அமரும் சிறு புட்களின் பெருங்குழுவைச் சேர்ந்ததே. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் இப்பெயர் எய்திற்று. இதில் ஆராய்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. நம் முன்னோர் பொழுதை நாழிகையால் அளந்தனர். ஆறு மணி என்னும் வழக்குக் கடிகாரம் பரவியபின் எழுந்தது. ஆகவே இப்பெயர் தொன்மையானதன்று. குரலையும் பொழுதையும் கண்டு பெயரிடும் ஆற்றல் கடிகாரக் காலத்திலும் தமிழ்மக்களிடம் உயிரோடிருந்தது என்பதற்கு இப்பெயரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வாலாட்டி என்பது செயலாற் பெற்ற பெயர். தமிழ் நூல்களில் வழங்கும் கொடிக்கால் வாலாட்டி என்பது செயலோடு இடத்தையும் சுட்டுகின்றது. கிழக்காசியாவிலிருந்து வரும் இக்குருவி மரநிழலில் நடந்து இரைதேடுவது. ஆதலின் வெற்றிலைக் கொடிக்காலின் நிழல் அதற்கு உவப்பான இடமாதல் இயல்பு. ஏனைய வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் அசைக்க, இது பக்கவாட்டில் அசைக்கும். இடத்தைக் கண்டு, அசைவைக் கண்டால் ஐயமில்லை.

இவற்றிற்கு மாறானது பிளித் நாணல் கதிர்க்குருவி என்னும் பெயர். இது ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. இக்குருவி ஆனைமலை அடிவாரத்து வேலிகளிலும், தோட்டப் புதர்களிலும், உண்ணிச்செடிச் செறிவிலும் இருந்து நாவைச் சப்புக்கொட்டுவது போன்ற ஓரசை ஒலி எழுப்புவது. நாணலுக்கும் இதற்கும் இங்குத் தொடர்பு மிகக் குறைவு. இதன் உறவினங்கள் நாணலில் வாழ்வதால் ஆங்கிலத்தில் அச்சொல் ஒட்டிக்கொண்டது. இதற்கு 1849-இல் அறிவியற் பெயரிட்ட பிளித்தோ, புதர்களுக்குரியது என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லையே இட்டார். அவர் காட்டைச் சுட்ட, பெயர்ப்பாளர் அவரையே சுட்டிவிட்டனர். இப்பெயரை நம்பி நீர்நிலையோரம் தேடும் மாணவன் இக்குருவியைத் தன் வீட்டு வேலியில் தவறவிடுவான்.

கதிர்க்குருவி என்னும் பொதுப்பெயரும் எண்ணத்தக்கது. கதிர் என்பது பயிரின் கதிராயின், அது வயலோரம் வாழும் சிறு குருவிகளுக்கே பொருந்தும். சோலையின் மேலிலைகளில் வாழ்வனவற்றிற்கு அத்துணைப் பொருந்தாது. இவ்விலைவாழ் குருவிகளின் பேரினத்திற்கு அறிவியலார் இட்ட ஃபில்லோஸ்கோபஸ் என்னும் பெயர் கிரேக்கச் சொற்களால் ஆயது. இலையை நோக்குவது என்பது அதன் பொருள். செயலைக் கண்டு பெயரிடுதல் தமிழ்மக்களுக்கே உரிய தனிநெறி அன்று என்பதும், அறிவியலும் சிறந்த இடத்து அந்நெறியையே மேற்கொண்டது என்பதும் இதனாற் பெறப்படும்.

மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிற் புட்களைப் பற்றி எழுதிய கட்டுரைகள், சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலில் உள்ளன. கோவையில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த க. ரத்னம், 'தமிழ்நாட்டுப் பறவைகள்', 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூல்களால் பெயர்களைத் திரட்டித் தந்தார். இலக்கியப் பயிற்சியும் கள அறிவும் ஒருவரிடத்தே கூடுதல் இயலும் என்பதற்கு இவர்கள் சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று: வரவுக் குருவிகளைப் பழம்பாடல்களிற் காண முயல்வதைவிட, மக்கள் வழக்கிற் காண முயல்வதே பயன் தரும். இரண்டு: தோலாய்வு தொடங்கி வைத்த இனப்பகுப்பைக் களத்தில் நிறைவு செய்தவை குரலும் இடமும் செயலுமே, தமிழ் வழக்குப் பெயர்களுள் சிறந்தவை அமைந்ததும் இவற்றின் மீதே. மூன்று: இவ்வழக்குப் பெயர்களுக்கும் எல்லை உண்டு. ஒன்றுபோற் தோன்றும் பசுங்குருவிகள் பலவற்றைத் தமிழ் நூல்வழக்கு இன்னும் தன் சொந்தக் கண்ணாற் பிரித்துப் பெயரிடவில்லை; கடன்பெற்ற பெயர்களாலேயே அவ்விடத்தை நிரப்பியுள்ளது.

அவ்விடத்தை நிரப்பத்தக்க அறிவு எங்கேனும் இருப்பின், அது ஆனைமலையின் காடர், முதுவர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர் ஆகிய ஆறு குடியினரிடம் இருத்தல் கூடும். 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில், தலைமுறை தலைமுறையாகச் செவியால் வழியறிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு புள்ளை அவர்கள் எக்குரலால், எம்மரத்தால், எப்பொழுதால் வேறுபடுத்துகின்றனர் என்பதை, அக்குரலைக் கேட்ட இடத்திலேயே கேட்டுக் குறித்தல் வேண்டும். படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது மீண்டும் தோலைக் காட்டிக் கேட்பதாகவே முடியும். அவர்களும் பலவற்றை ஒரு பெயராற் குறிப்பின், அதனையும் உள்ளவாறே எழுதுதல் நம் கடமை.

இப்பணிக்குப் புள்ளியலார் மட்டும் போதார். அசையை அசையாகக் கேட்கவும், சொல்லின் பொருளை ஆராயவும் பயின்ற தமிழ் மாணவர் உடன் செல்லல் வேண்டும். குருவிகள் வரும் ஐப்பசி ஆண்டுதோறும் மீளும். அவற்றைப் பெயர் சொல்லி அழைத்த முதியோர் மறைந்தபின், அப்பெயர்கள் மீளா.